தண்ணீர் கொதிக்கும்போது உடைவது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம், ‘தண்ணீர் கொதிக்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது?’ என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். ‘வெப்பத்தால் நீர் மூலக்கூறின் பிணைப்புகள் உடைந்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் விடுபட்டு ஆவியாக வெளியேறுகின்றன’ என்று அதற்கு விடை தரப்பட்டிருந்தது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள கவர்ச்சி விசைகள் வலிமை குறைந்தவை என்பதால் அவற்றைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லை என்ற வரியும் விடையின் இறுதியில் இருந்தது. முதல் வாக்கியம் தவறு. கடைசி வரி அதைவிடப் பெரிய தவறு. முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இந்தக் குழப்பத்தை மாணவர் மனத்தில் விதைத்ததில் என் போன்றோருக்கும் பங்கு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த விடை உண்மையாக இருந்திருந்தால் நம் வீடுகளில் இட்லி வெந்திருக்காது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த வாயு, பானை மூடியின் இடுக்கு வழியாக வெளியேறி அடுப்புத் தீயைத் தொட்ட நொடியிலேயே வெடித்திருக்கும். உண்மையில் வெளியே வருவது நீர்தான்; ஒவ்வொரு மூலக்கூறும் தன் இரண்டு ஹைட்ரஜனையும் ஓர் ஆக்சிஜனையும் விட்டுக்கொடுக்காமல், பக்கத்து மூலக்கூறிடமிருந்து மட்டும் பிரிந்து வருகிறது. மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் திரளும் துளிகளே அதற்குச் சாட்சி. 100 டிகிரியில் 18 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே 18 கிராம் நீராவியில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் அனைத்தையும் பிளக்க வேண்டுமானால் 900 கிலோஜூலுக்கும் மேல் தேவைப்படும். இருபது மடங்குக்கும் அதிகமான இந்த வேறுபாட்டைத்தான் மாணவர் பக்கத்து விடை ஒரே சொல்லால் மூடிவிட்டது.

இந்த வேறுபாட்டை நான் வகுப்பறையில் விளக்கியதைவிடத் தெளிவாக, என் வீட்டுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடை விளக்குகிறது. குன்னூரில் விடியற்காலையில் அந்தக் கடையின் பெரிய அடுப்பு முழு வேகத்தில் எரியத் தொடங்கிய கால் மணி நேரத்தில், பக்கத்தில் நிற்கும் 19 கிலோ சிலிண்டரின் கீழ்ப்பகுதி வியர்க்கும். கையை வைத்தால் சுரீர் என்று குளிரும். ஈரம் ஓர் உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் இரும்பு உலர்ந்தே இருக்கும். உள்ளே எவ்வளவு திரவம் மீதி இருக்கிறது என்பதை அந்தக் கோட்டைப் பார்த்தே கடைக்காரர் சொல்லிவிடுவார். சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேனை மட்டும் எடுத்துக்கொண்டால், 58 கிராம் பியூட்டேன் திரவ நிலையிலிருந்து வாயுவாக மாற ஏறத்தாழ 22 கிலோஜூல் வேண்டும். அந்த ஆற்றலை அது வெளியிலிருந்து கடன் கேட்பதில்லை. எஞ்சியிருக்கும் திரவத்திலிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சிலிண்டர் குளிர்ந்து, குன்னூரின் ஈரக் காற்று அதன் மேல் பனித்துளியாகப் படிகிறது. அதே 58 கிராம், ரப்பர்க் குழாய் வழியே இரண்டு முழம் கடந்து அடுப்பின் வாயில் எரியும்போதுதான் கார்பன்–ஹைட்ரஜன், கார்பன்–கார்பன் பிணைப்புகள் பிரிந்து, கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் புதிய பிணைப்புகள் உருவாகி, ஏறத்தாழ 2,880 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஒரு பக்கம் குளிரும் இரும்பு, மறுபக்கம் எரியும் நெருப்பு. சிலிண்டருக்குள் தளர்வது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடி. அடுப்பில் அழிவது மூலக்கூறே.

அந்தப் பிடி இல்லாவிட்டால் சிலிண்டர் வியாபாரமே இல்லை. திரவமாக அடங்கியிருக்கும் எரிவாயு, வாயுவாக விரிந்தால் ஏறத்தாழ 250 மடங்கு இடத்தை அடைக்கும். அழுத்தத்தைக் கொண்டு மூலக்கூறுகளை நெருக்கிவிட்டால், நெருங்கியவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரவமாகின்றன. அழுத்தத்தின் வேலை நெருக்குவதோடு முடிகிறது, பிடித்து வைப்பது கவர்ச்சி விசையின் வேலை. மீத்தேனுக்கு இந்த வசதி கிடையாது. அதன் மூலக்கூறு சிறியது, அதன் பிடியும் தளர்ந்தது. ஏறத்தாழ –82 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாவதில்லை. ஆகவேதான் சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) ஆட்டோக்களின் உருளைகளில் மீத்தேன், காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தத்திலும் வாயுவாகவே இருக்கிறது. வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேன் அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிக் குலுங்குகிறது. ‘கணக்கில் கொள்ளத் தேவையில்லாத’ விசைதான் இந்த இரண்டு உருளைகளின் கனத்தையும் வடிவத்தையும் தீர்மானித்திருக்கிறது.

இந்த விசையைக் கணக்கில் கொண்டாக வேண்டும் என்று முதலில் அழுத்திச் சொன்னவர், என்னைப் போலவே பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1837-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த யோஹானஸ் டிடெரிக் வான்டர்வால்ஸ், லத்தீனும் கிரேக்கமும் படிக்காத காரணத்தால் பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் உரிமை இல்லாமல் பல ஆண்டுகள் இருந்தார். விதி தளர்ந்த பிறகு, 1873-இல், முப்பத்தைந்தாம் வயதில், வாயு நிலையும் திரவ நிலையும் ஒன்றன் தொடர்ச்சியே மற்றொன்று என்று நிறுவும் ஆய்வேட்டை லைடனில் அளித்தார். கார்பன் டைஆக்சைடை 31 டிகிரிக்கு மேல் எந்த அழுத்தத்தாலும் திரவமாக்க முடியவில்லை என்று தாமஸ் ஆண்ட்ரூஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் சோதனையில் காட்டியிருந்தார். அந்தப் புதிருக்கு வான்டர்வால்ஸ் தந்த விடையில் இரண்டு திருத்தங்களே இருந்தன: மூலக்கூறுகள் இடத்தை அடைக்கின்றன, அவை ஒன்றையொன்று கவர்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பை எட்டுவதற்கு முன்பே நம் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடும் அந்தச் சமன்பாட்டின் ‘ஏ’ என்ற மாறிலி, இந்தக் கவர்ச்சியின் அளவுதான். அதை மாறிலி என்று மட்டும் எழுதவைத்து, எதன் அளவு என்று கேட்காமல் மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருத்தி. வான்டர்வால்ஸுக்கு 1910-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அதே லைடனில், அவருடைய கோட்பாட்டை வழிகாட்டியாகக் கொண்டு காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியிருந்தார். ஹீலியம் –269 டிகிரியில்தான் கொதிக்கிறது. எதனோடும் சேராத அந்த மந்த வாயு அணுக்களும் அவ்வளவு குளிரில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்பதே வியப்பு.

நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சமமாக உள்ள, எந்தப் பக்கமும் சாயாத இரண்டு அணுக்கள் ஏன் ஒன்றையொன்று கவர வேண்டும் என்ற கேள்வி வான்டர்வால்ஸ் காலத்தில் விடையின்றியே இருந்தது. குவாண்டம் கொள்கை வந்த பிறகு, 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் அதற்கு விடை கண்டார். அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் திரள் ஒரே சீராக அமைந்து நிற்பதில்லை. கணத்துக்குக் கணம் ஒருபுறம் அடர்ந்தும் மறுபுறம் வெளிறியும் மாறுகிறது. நெரிசலான பேருந்தில் ஒருவர் சாய்ந்தால் அடுத்தவரும் அதே பக்கம் சாய்வதைப் போல, ஓர் அணுவின் எலக்ட்ரான் திரள் சாயும் கணத்தில் பக்கத்து அணுவின் திரளும் சாய்கிறது, ஒன்றின் எதிர்முனையும் மற்றொன்றின் நேர்முனையும் எதிரெதிராக அமைகின்றன, கவர்ச்சி பிறக்கிறது. அடுத்த கணம் சாய்வு மாறினாலும் இருவரும் சேர்ந்தே மாறுவதால் கவர்ச்சி மட்டும் நீடிக்கிறது. நிலையான இருமுனை (ஒருபுறம் நேர்மின்சுமை, மறுபுறம் எதிர்மின்சுமை) கொண்ட மூலக்கூறுகளிடையே உள்ள கவர்ச்சியும், இருமுனை கொண்ட ஒன்று அது இல்லாத மற்றொன்றில் இருமுனையைத் தூண்டுவதால் வரும் கவர்ச்சியும் இதனோடு சேர, மூன்றையும் வான்டர்வால்ஸ் விசைகள் என்ற ஒரே பெயரில் வழங்குகிறோம். முதலில் சொன்ன லண்டன் விசை எல்லா மூலக்கூறுகளிலும் உண்டு. எலக்ட்ரான்கள் அதிகமாகவும் தளர்வாகவும் இருக்க இருக்க அது வலுக்கிறது. பள்ளி ஆய்வகத்தின் ஒரே அலமாரியில் இதற்குச் சான்று இருக்கிறது: குளோரின் வாயு, புரோமின் சீசாவுக்குள் செம்பழுப்பாக ஆடும் திரவம், அயோடின் சூடாக்கினால் ஊதாப் புகையாக எழும் திண்மம். மூன்றும் ஒரே குடும்பம், மூன்றுமே ஈரணு மூலக்கூறுகள். வேறுபாடு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையில் மட்டும்.

வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதைப் புரியவைக்கத்தான் நான் மிகவும் சிரமப்பட்டேன், தேங்காய் எண்ணெய் என்னைக் காப்பாற்றும் வரை. ஒவ்வொரு மார்கழியிலும் ஏதாவது ஒரு மாணவர் கேட்பார்: ‘டீச்சர், தேங்காய் எண்ணெய் மட்டும் ஏன் உறைகிறது, நல்லெண்ணெய் ஏன் உறைவதில்லை?’ நீலகிரியில் இது புத்தகக் கேள்வி கிடையாது. காலையில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமானால் புட்டியை அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்துக் காத்திருக்க வேண்டியவர்களின் கேள்வி. எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று நீண்ட கார்பன் சங்கிலிகளைக் கிளிசராலில் கோத்தது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். நல்லெண்ணெயில் பெரும்பகுதி 18 கார்பன் கொண்ட ஒலியிக், லினோலியிக் அமிலங்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் நல்லெண்ணெய்தான் முதலில் உறைய வேண்டும். நீண்ட சங்கிலிக்குப் பற்றிக்கொள்ள அதிக இடம் உண்டு அல்லவா? ஆனால் தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் நேரானவை. தீக்குச்சிகளைப் போல அவை நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் ஒரு முழங்கை மடிப்பு விழுகிறது. முறிந்து வளைந்த குச்சிகளைப் பெட்டியில் அடுக்க முடியாததைப் போல அவற்றால் நெருங்க முடிவதில்லை. நெருங்காவிட்டால் லண்டன் விசை வேலை செய்யாது. இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள தூரம் இருமடங்கானால் கவர்ச்சி ஆற்றல் 64-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது அதன் இயல்பு.

இதை இன்னும் தெளிவாகக் காட்டும் இணை ஒன்று உண்டு. ஸ்டியரிக் அமிலத்துக்கும் ஒலியிக் அமிலத்துக்கும் 18 கார்பன்களே. ஒலியிக் அமிலத்தில் இரண்டு ஹைட்ரஜன் குறைவு, அவ்வளவுதான். ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும், மெழுகுவத்திக்கு ஆகும். ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடும். அதே ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு மறுபக்க வடிவத்துக்குத் திரும்பி, மடிப்பு ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டால், உருகுநிலை 45 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. டிரான்ஸ் கொழுப்பு என்று இன்று எல்லோரும் அஞ்சும் பொருளின் வடிவம் இதுதான். திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி வனஸ்பதியாக இறுக வைத்தபோது, மடிப்புகள் பல நீங்கியதோடு, சில இப்படித் திரும்பியும் கொண்டன. எண்ணெய் உறையும்போதும் உருகும்போதும் சங்கிலிக்குள் உள்ள ஒரு பிணைப்பும் உடைவதில்லை. அடுப்பங்கரையில் உருகிய தேங்காய் எண்ணெய், அதே தேங்காய் எண்ணெய்தான்.

இனி, ‘வலிமை குறைந்தவை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பல்லி விழுந்தால் என்ன பலன் என்று உடம்பின் ஒவ்வோர் இடத்துக்கும் பட்டியல் வைத்திருக்கும் நாம், அது தலைகீழாக ஓடியும் ஏன் பெரும்பாலும் விழுவதில்லை என்று கேட்டதில்லை. டோக்கே என்னும் பெரிய பல்லியினத்தின் ஒவ்வொரு பாதத்திலும் ஏறத்தாழ 5 லட்சம் நுண்முடிகள் உண்டு. ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளைத்து, ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள தட்டைகளாக முடிகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் ஒற்றை முடியின் பிடியை அளந்தபோது அது ஏறத்தாழ 20 மில்லிகிராம் எடையைத் தாங்கும் அளவாக இருந்தது. எறும்பு ஒன்றின் எடைதான். ஆனால் நான்கு பாதங்களின் 20 லட்சம் முடிகளும் ஒருசேரப் பற்றினால் 40 கிலோ வருகிறது. பிடிப்புக்குக் காரணம் பாதத்து ஈரமாக இருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க, நீரை விரும்பும் பரப்பிலும் நீரை வெறுக்கும் பரப்பிலும் 2002-இல் சோதித்தார்கள். இரண்டிலும் பாதம் ஒரேபோல ஒட்டியது. வேறு விசைகளுக்கும் சிறிது பங்கு இருக்கலாமா என்ற விவாதம் ஒருபுறம் இருந்தாலும், வான்டர்வால்ஸ் விசையே முதன்மையானது என்ற முடிவு நிற்கிறது. தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துவைத்திருக்கும் ஃபுளூரின் போர்த்திய டெஃப்லான் பரப்பில், உலர்ந்த நிலையில், அதே பல்லி வழுக்குகிறது. தோசை ஒட்டாத கல்லில் பல்லியும் ஒட்டுவதில்லை.

ஒவ்வொன்றாக எடுத்தால் வலிமை குறைந்தது என்பதும் குறையாகிவிடாது. முடியின் சாய்வை மாற்றிய கணத்தில் பல்லியின் பாதம் விடுபடுகிறது; வேதிப் பிணைப்பால் ஒட்டியிருந்தால் அது முதல் அடியிலேயே சுவரோடு நின்றிருக்கும். கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியை வைத்துச் செய்த ஆர்.டி.–பி.சி.ஆர். சோதனையில், டி.என்.ஏ.வின் இரட்டை இழைகளை ஏறத்தாழ 95 டிகிரி வெப்பத்தில் பிரித்து, குளிர்வித்து, மறுபடி இணையவிட்டு, இதையே பல சுற்றுகள் செய்தார்கள். இழைகள் இரண்டும் பிரிகின்றன. இழை எதுவும் அறுவதில்லை. இழையை இழையோடு சேர்ப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகளும் அடுக்கிவைத்த காரங்களிடையே உள்ள கவர்ச்சியும்; இழையை இழையாக வைத்திருப்பது, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு. இரண்டும் சம வலிமையுள்ளவையாக இருந்தால் அந்தச் சோதனையே நடந்திருக்காது.

ஹைட்ரஜன் பிணைப்பு என்று சொன்னேன். குழப்பத்தின் வேர் இந்தப் பெயரில் இருக்கிறது என்பது என் கருத்து. நீர் மூலக்கூறுகள் ஒன்றின் ஹைட்ரஜனை மற்றொன்றின் ஆக்சிஜன் கவர்வதால் வரும் இந்தப் பிடியின் வலிமை ஒரு மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல். அதே குடும்பத்தைச் சேர்ந்த, நீரைவிடக் கனத்த ஹைட்ரஜன் சல்ஃபைடு –60 டிகிரியிலேயே கொதித்துவிட, நீர் 100 டிகிரி வரை திரவமாக இருப்பது இதனால்தான். ஆனால் ‘நீரில் ஹைட்ரஜன் பிணைப்பைக் குறித்துக் காட்டுக’ என்று கேட்டால், ஒரே மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்க்கும் கோட்டுக்கு அம்புக்குறி போட்ட விடைத்தாள்களை ஆண்டுதோறும் கட்டுக் கட்டாகத் திருத்தியிருக்கிறேன். ‘பிணைப்பு’ என்று பெயர் வைத்துவிட்டு இது அந்தப் பிணைப்பு இல்லை என்று சொன்னால் மாணவர் என்ன செய்வார்? மற்றொன்றும் உண்டு: இவ்விசையை ‘ஈர்ப்பு விசை’ என்று எழுதினால், புவியீர்ப்பை நினைத்துக்கொண்டு, ‘மூலக்கூறுகளுக்கு நிறை இருப்பதால் ஈர்க்கின்றன’ என்று எழுதுகிறார்கள். பாடநூலில் உள்ள ‘கவர்ச்சி விசை’ என்ற சொல்லையே மாணவர் பக்கமும் ஒரே சீராகப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையாவது குறையும்.

எனவே, அந்த விடைக்கு உரிய திருத்தத்தை, மூலையில் இரண்டு வரியாக இடாமல், கேள்வி கேட்ட மாணவி பார்க்கும் இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடையோடு அச்சிட்டிருந்த படத்தையும் மாற்ற வேண்டும். அதில் எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் இருக்கின்றன. மூலக்கூறுக்குள் உள்ள பிணைப்பை முழுக்கோடாகவும், மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள கவர்ச்சியைப் புள்ளிக்கோடாகவும் வரைந்து, கொதிக்கும் நீரில் புள்ளிக்கோடுகளை மட்டும் அழித்துக் காட்டினால், கீழே விளக்கம் எழுதக்கூடத் தேவை இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
குன்னூர்.